வெள்ளி, ரிங்கிட், பாட்: மூன்று நாணயங்களின் வழியே ஒரு தரைப்பயணம்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து கடற்பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவை அடைந்து, கோலாலம்பூரும் பினாங்கும் கண்டு, தாய்லாந்து எல்லையைத் தாண்டி, பாங்காக்கில் முடியும் பயணத்தில், ஒருவர் மூன்று நாடுகளோடு, வெள்ளி எனப்படும் சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட், தாய்லாந்து பாட் என்ற மூன்று நாணயங்களையும் கடந்து செல்கிறார். விமானச் சீட்டையும் தங்குமிடத்தையும் பத்து இடங்களில் விசாரித்துப் பதிவு செய்யும் பயணிகளில் பலர், அந்த மூன்று நாணயங்களை எந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்பதை விசாரிப்பதில்லை. நாணயமும் விலை கொடுத்து வாங்கப்படும் ஒரு சரக்கே என்பதும், கட்டணம் எதுவும் இல்லை என்று எழுதி வைத்திருக்கும் இடத்திலும் அந்த விலைக்குள் ஒரு லாபம் வைக்கப்பட்டிருக்கும் என்பதும் இந்தப் பாதையில் ஒவ்வோர் ஊரிலும் வெளிப்படுகின்றன.

வங்கிகள் தமக்குள் பெருந்தொகைகளைக் கைமாற்றும்போது ஒரு நாணயத்துக்கு வாங்கும் விலை ஒன்றும் விற்கும் விலை ஒன்றும் இருக்கும். அவ்விரண்டின் நடுப்புள்ளி இடைவிலை எனப்படும். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த இடைவிலைதான். சாதாரணப் பயணி எவருக்கும் அந்த விலையில் நாணயம் கிடைப்பதில்லை என்றாலும், மற்ற எல்லா விலைகளையும் வைத்து அளப்பதற்கான கோலாக அது பயன்படுகிறது. வெளிநாட்டில் செலவான ஒரு வெள்ளிக்கோ ரிங்கிட்டுக்கோ, எல்லாக் கட்டணங்களும் வரிகளும் உட்பட, வீட்டுக் கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் வெளியேறியது என்று வகுத்துப் பார்த்து, கிடைக்கும் எண்ணை அன்றைய இடைவிலையோடு ஒப்பிடுவதே நம்பத்தக்க ஒப்பீடு. தனித்தனிக் கட்டணங்களின் பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாறுவதற்கு இடமிருக்கிறது.

இந்திய வங்கி வழங்கிய கிரெடிட் கார்டை சிங்கப்பூர்க் கடையில் நீட்டும்போது பல கைகள் அந்தப் பணத்தைத் தொடுகின்றன. கடைக்காரரின் வங்கி சிங்கப்பூர் டாலரில் தொகையைக் கேட்கிறது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பு தான் நாள்தோறும் வெளியிடும் விகிதத்தில் அதை மாற்றுகிறது. அட்டை வழங்கிய வங்கி அதன்மேல் மார்க்அப் எனப்படும் மேல்கட்டணத்தைச் சேர்க்கிறது. அந்த மேல்கட்டணத்தின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஏறுகிறது. வலையமைப்பின் விகிதம் பொதுவாக இடைவிலைக்கு நெருக்கமாகவே இருக்கும். பெரிய வேறுபாடு வருவது மேல்கட்டணத்தில்தான். இந்தியாவில் பெரும்பாலான அட்டைகளுக்கு அது 3.5 விழுக்காடாகவும், உயர்வகை அட்டைகளுக்கு 2 விழுக்காடு அளவிலும் இருக்கிறது. மேல்கட்டணமே இல்லாத அட்டைகளும் சில உள்ளன. வரியோடு சேர்த்தால் 3.5 என்பது 4.13 ஆகிறது, 2 என்பது 2.36 ஆகிறது. இவற்றோடு, டாலர் அல்லாத நாணயத்தில் செய்த செலவை முதலில் அமெரிக்க டாலராகவும் பிறகு ரூபாயாகவும் மாற்றுவோம் என்று பல வங்கிகளின் விதிமுறைகள் சொல்கின்றன.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கணக்கின் வசதிக்காக ஒரு சிங்கப்பூர் டாலரின் இடைவிலை 65 ரூபாய் என்று கொண்டால், 500 டாலர் விடுதி வாடகையின் மதிப்பு 32,500 ரூபாய். வலையமைப்பும் அதே விலையில் மாற்றியதாகக் கொண்டால், 3.5 விழுக்காட்டு அட்டையில் 1,137 ரூபாய் 50 காசு மேல்கட்டணமும் அதன்மேல் 204 ரூபாய் 75 காசு வரியும் சேர்ந்து, கணக்கிலிருந்து ஏறக்குறைய 33,842 ரூபாய் போகிறது. 2 விழுக்காட்டு அட்டையில் 33,267 ரூபாய் போகிறது. ஆனால் மேல்கட்டணம் குறைந்த அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இருக்கலாம். அது 3,000 ரூபாய் என்றால், வரியோடு 3,540 ரூபாயாகிறது. இரண்டு அட்டைகளுக்கும் இடையிலுள்ள 1.77 விழுக்காட்டு வேறுபாட்டில் அதை மீட்க, ஓராண்டில் 2 லட்சம் ரூபாய் வெளிநாட்டில் செலவாக வேண்டும். ஒருமுறை மட்டும் குடும்பத்தோடு போய்வருபவருக்கு இது கட்டுப்படியாகாமல் போகலாம். அடிக்கடி போகிறவருக்கு ஓராண்டுக்குள் ஈடாகிவிடலாம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2020 அக்டோபர் 1 முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியிலோ கிளையிலோ வாடிக்கையாளரே திறந்துகொள்ள வேண்டும். ரொக்கமாக வெளிநாட்டு நோட்டுகளை வாங்குவோர், இந்தப் பாதையிலுள்ள நாடுகளைப் பொறுத்தவரை, ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையிலும் எடுத்துச் செல்லலாம். இந்திய ரூபாய் நோட்டுகளில் 25,000 வரை கொண்டுபோகலாம். நோட்டு மாற்றும்போதும் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்துக்கு, தொகையின் ஒரு விழுக்காட்டைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 விழுக்காடு விதிக்கப்படுகிறது, குறைந்தபட்சம் 45 ரூபாய். இந்த வரி சிறியது. நோட்டு வாங்குவோர் கவனிக்க வேண்டியது, மாற்று நிலையத்தின் பலகையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள அகலத்தை. விமான நிலையத்தில் அது நகரக் கடைகளைவிட அகன்றிருப்பது வழக்கம்.

முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு மற்றொரு வழி. நிரப்பிய அன்றைய விலையே பயணம் முழுவதும் நிலைத்திருக்கும் என்பது அதன் நன்மை. ரூபாய் சரியும் காலத்தில் அது பெரிய ஆறுதல். ஆனால் சிங்கப்பூர் டாலர் நிரப்பிய அட்டையை மலேசியக் கடையில் நீட்டினால், குறுக்கு நாணய மாற்றுக்கட்டணம் என்ற பெயரில் பெரும்பாலும் 3.5 விழுக்காடு அளவில் மீண்டும் பிடித்தம் வரும். மூன்று நாணயப் பயணத்தில் மூன்றையும் தனித்தனியே நிரப்ப வேண்டும். எல்லா அட்டைகளிலும் எல்லா நாணயமும் கிடைப்பதில்லை.

சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்லும் எம்ஆர்டி ரயிலில் வெளிநாட்டு அட்டையையே நுழைவாயிலில் தட்டிப் பயணம் செய்யலாம் என்பது வசதிதான். எனினும் வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளுக்குப் பயணம் செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் உண்டு. ஒரு வாரம் தங்கும் நால்வர் குடும்பம், ஆளுக்கோர் அட்டையை நாள்தோறும் தட்டினால், இந்தக் கட்டணம் மட்டுமே 16 டாலர் 80 காசாகிறது. நிலையத்தில் கிடைக்கும் பயண அட்டையை வாங்கிப் பணம் நிரப்பிக்கொள்வது பல நாள் தங்குவோருக்கு லாபமா என்பதை, அந்த அட்டையின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மிகப் பெரிய இழப்பு நேரும் இடம் கடைகளின் கல்லா. அட்டையைச் செருகியதும், தொகையைச் சிங்கப்பூர் டாலரில் செலுத்துவதா, இந்திய ரூபாயிலா என்று இயந்திரம் கேட்கும். பழகிய நாணயத்தில் எண்ணைக் கண்டதும் மனம் அமைதி கொள்வதால், பலர் ரூபாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி, என்று வணிகர் உலகில் அழைக்கப்படும் இந்தச் சேவையில், நாணயத்தை மாற்றுவது அட்டை வலையமைப்பு அல்ல. கடைக்காரரின் வங்கியோ அதற்கென்று அமர்த்தப்பட்ட நிறுவனமோதான். அது வைக்கும் விலை இடைவிலையைவிடப் பல விழுக்காடு கூடுதலாக இருப்பதும், அந்த லாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு இருப்பதும் வழக்கம். கல்லாவில் இருப்பவர் கேட்காமலேயே ரூபாய்ப் பொத்தானை அழுத்திவிடுவதற்கான காரணம் அதில் இருக்கிறது. அட்டைதாரருக்குத் தேர்வு தரப்பட வேண்டும் என்பது வலையமைப்புகளின் விதி. ஆகவே ரசீதில் ரூபாய்த் தொகையைக் கண்டவுடன், கையெழுத்திடாமல் அதை ரத்துசெய்து உள்ளூர் நாணயத்தில் மீண்டும் பதியச் சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு.

ரூபாயில் செலுத்தினால் வங்கியின் மேல்கட்டணமாவது மிஞ்சும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. வெளிநாட்டு வணிகரிடம் ரூபாயில் நடந்த பரிமாற்றத்துக்கும் ஒரு விழுக்காடு அளவில் கட்டணம் வைக்கும் இந்திய வங்கிகள் பல. மேலே சொன்ன அதே 500 டாலரை, இடைவிலைக்குமேல் 5 விழுக்காடு வைத்து 34,125 ரூபாயாக இயந்திரம் காட்டியது என்று கொண்டால், வங்கியின் ஒரு விழுக்காடும் அதன் வரியும் சேர்ந்து ஏறக்குறைய 34,528 ரூபாயாகிறது. அதாவது, மேல்கட்டணம் மிக உயர்ந்த சாதாரண அட்டையில் உள்ளூர் நாணயத்திலேயே செலுத்தியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைவிடவும் ஏறத்தாழ 685 ரூபாய் கூடுதல். எந்த அட்டையைத் தேர்ந்தெடுப்பது என்று மாதக்கணக்கில் ஆராய்ந்தவரின் உழைப்பு முழுவதையும் ஒரு பொத்தான் வீணாக்கிவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் குறையைச் சட்டத்தால் அணுகியது. 2019ஆம் ஆண்டின் 518ஆம் எண் ஒழுங்குவிதியின்படி, 2020 ஏப்ரல் முதல், இத்தகைய மாற்றத்துக்கான கட்டணத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்துக்குமேல் இத்தனை விழுக்காடு என்ற ஒரே அளவில், பணம் செலுத்துமுன் காட்ட வேண்டும். கட்டணத்துக்கு அந்தச் சட்டம் உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. காட்ட வேண்டும் என்று மட்டுமே சொன்னது. அந்த ஒன்றே ஒப்பீட்டைச் சாத்தியமாக்குகிறது. அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது: வெளிநாட்டுச் செலவுகளின் மாற்றுக்கட்டணங்களை வங்கிகளும் வலையமைப்புகளும் கூடி நிர்ணயித்து மறைத்தன என்ற வழக்கு, 2006இல் 336 மில்லியன் டாலர் தருவதாகச் செய்துகொண்ட சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பின்னர் அமெரிக்க அட்டைகளின் கணக்கு அறிக்கைகளில் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் தனிப் பதிவாகத் தென்படுவது வழக்கமாகியிருக்கிறது.

மீண்டும் சிங்கப்பூருக்குத் திரும்பி, சிராங்கூன் சாலைக்கு வரும்போது, விலையை வெளியே எழுதி வைக்கும் பழைய மரபு கண்முன் நிற்கிறது. லிட்டில் இந்தியாவின் நாணய மாற்றுக் கடைகளில் ரூபாய், ரிங்கிட், பாட் ஆகியவற்றின் வாங்கும் விலையும் விற்கும் விலையும் பலகையில் மின்னுகின்றன. அடுத்தடுத்த கடைகளில் போட்டி இருப்பதால் இடைவெளி குறுகலாக இருக்கிறது. பெருந்தொகையானால் கேட்டுக் குறைத்துக்கொள்ளவும் முடிகிறது. இந்தத் தொழிலில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு நீண்டது. காலியர் துறைக்கும் ராஃபிள்ஸ் பிளேசுக்கும் இடையே 1989 வரை இருந்த பழைய சேஞ்ச் சந்தில், கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும் நாணயம் மாற்றித் தந்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அருகிலிருந்த மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டகங்களை வைத்துக்கொண்டு கடன் கொடுத்தும் உண்டியல் மாற்றியும் வந்த அவர்களிடையே, நடப்பு வட்டி என்பது கூடிப் பேசி முடிவுசெய்து, தொழிலில் உள்ள அனைவரும் அறிந்த விகிதமாக இருந்தது. அவர்கள் வாங்கிய வட்டி கடனாளிகளுக்கு எளிதாக இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. விகிதம் அறியப்பட்டதாக இருந்தது என்பதே இங்கு கருதத்தக்கது.

அதே சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் தமிழகத் தொழிலாளர்களுக்கு இந்த விகிதங்கள் பயணியைவிடப் பலமடங்கு முக்கியமானவை. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்து மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவருக்கு, விகிதத்தில் ஒரு விழுக்காடு என்பது ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப இழக்கும் கூலி. அதனால்தான் அவர்கள் பணம் அனுப்பும் கடைகளின் பலகைகளைக் கடைகடையாகப் பார்த்து நடக்கிறார்கள். 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டு, கைப்பேசி வழியே உடனடியாகப் பணம் அனுப்பும் வழி திறந்தது இவர்களைப் போன்றோரையும் மனத்தில் கொண்டுதான். சுற்றுலாப் பயணி அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு அவர்கள் நிற்பதில்லை, ஆயிரம் வெள்ளி கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் கையில் கிடைக்கும் என்றே கேட்கிறார்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் கடற்பாலத்தின்மேல் செல்லும் ஷட்டில் தெப்ராவ் ரயிலின் பயண நேரம் ஐந்து நிமிடம் அளவே. 2015இல் தொடங்கிய அந்தச் சேவையில், சிங்கப்பூர்ப் பக்கம் ஏறுபவருக்கு 5 வெள்ளியும் மலேசியப் பக்கம் ஏறுபவருக்கு 5 ரிங்கிட்டும் கட்டணமாக வசூலிக்கப்பட்டு வந்தது. ஒரு வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் விலைபோகும் காலத்தில், ஒரே தூரத்துக்கு ஒருவர் மற்றவரைப்போல் மூன்று மடங்கு செலுத்தினார் என்று பொருள். ஒரே எண் என்ற இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. 1967இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தனித்தனி நாணயங்களை வெளியிட்டபோது, ஒன்றுக்கு ஒன்று என்ற சமமதிப்பில் ஒருவர் நாணயத்தை மற்றவர் ஏற்பதாக உடன்பாடு செய்துகொண்டன. 1973 மே மாதத்தில் மலேசியா அதிலிருந்து விலகியது. புருணை டாலர் மட்டும் இன்றும் சிங்கப்பூரில் சமமதிப்பில் செல்லுபடியாகிறது. ஆகவே புருணை சென்று திரும்பும் பயணி அங்கே மிஞ்சிய நோட்டை மாற்றுக் கடைக்குக் கொண்டுபோகாமல் சிங்கப்பூர்க் கடையிலேயே செலவிடலாம். ஜொகூரிலிருந்து திரும்புபவருக்கு அந்த வாய்ப்பு அரை நூற்றாண்டுக்கு முன்பே போய்விட்டது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1867 வரை, சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களில் அரசின் அதிகாரபூர்வ நாணயமாக இருந்தது இந்திய ரூபாயே என்பதும், வணிகர்கள் அதைவிட வெள்ளி உலோகத்தில் வார்த்த டாலரையே விரும்பினார்கள் என்பதும் தெரியவரும்.

மலேசியாவில் பெருநகர விடுதிகளும் கடைத்தொகுதிகளும் அட்டையை ஏற்கின்றன. வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வீதம் பெறப்படும் சுற்றுலா வரியை, அறை வாடகையை முன்பே இணையத்தில் கட்டியவரிடமும் விடுதியில் தனியே கேட்பது வழக்கம் என்பதால், அதற்குச் சிறிது ரொக்கம் வைத்திருப்பது நல்லது. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் நாணய மாற்றுக் கடைகளில் தமிழிலேயே பேசி விலை கேட்கலாம்.

எல்லையிலுள்ள பாடாங் பெசார் ரயில் நிலையத்தில் ஒரே கூரையின்கீழ் மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் அமைந்திருக்கின்றன. அங்கிருந்து ஹாட்யாய் சென்றதும் பயணத்தின் தன்மை மாறுகிறது. சந்தையிலும் சாலையோர உணவகத்திலும் அட்டை பெரும்பாலும் செல்லாது, பாட் நோட்டு வேண்டும். பலரும் ஏடிஎம்மைத் தேடுவது இங்கேதான். தாய்லாந்து வங்கிகளின் இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறைக்கும் நெடுங்காலமாக 220 பாட் அளவில் கட்டணம் பெற்று வந்தன. தொகை எவ்வளவானாலும் கட்டணம் மாறாததால், சிறுசிறு தொகையாக எடுப்பவரே மிகுதியாக இழக்கிறார். ஒரு பாட்டின் இடைவிலை 2.60 ரூபாய் என்றும், டெபிட் கார்டின் மேல்கட்டணம் வரியோடு 4.13 விழுக்காடு என்றும், இந்திய வங்கியின் வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம் வரி நீங்கலாக 150 ரூபாய் என்றும் கொண்டு கணக்கிட்டால், 2,000 பாட் எடுப்பவருக்கு ஒரு பாட் 3.09 ரூபாய்க்கு விழுகிறது. அது இடைவிலையைவிட 19 விழுக்காடு கூடுதல். 20,000 பாட்டை ஒரே முறையில் எடுப்பவருக்கு அதுவே ஏறத்தாழ 2.75 ரூபாய். இங்கும் இயந்திரம் ரூபாயில் மாற்றித் தர முன்வரும். மாற்றம் வேண்டாம் என்ற பொத்தானைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் வரும் என்பதை அறியாமல் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்: 2.5 விழுக்காடு அளவில் முன்பணக் கட்டணமும், சிறு தொகைக்கும் 500 ரூபாய் போன்ற குறைந்தபட்சமும் இருப்பதோடு, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. பொருள் வாங்குவோருக்குக் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் இதற்கு இல்லை.

நாணய விலை என்பது எப்போதும் மெல்ல நகர்வதல்ல என்பதற்கும் தாய்லாந்தே சான்று. டாலருக்கு 25 பாட் என்ற அளவில் பல ஆண்டுகள் பிடித்துவைக்கப்பட்டிருந்த விகிதம் 1997 ஜூலை 2 அன்று கைவிடப்பட்டது. அந்த அதிர்ச்சி அண்டை நாடுகளுக்கும் பரவ, மலேசியா 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டி, 2005 ஜூலை வரை அப்படியே வைத்திருந்தது. சிங்கப்பூரின் நாணய ஆணையமோ வட்டி விகிதத்தைவிட நாணயத்தின் மாற்று மதிப்பையே தன் கொள்கைக் கருவியாகக் கொண்டு இயங்குகிறது. இன்றைய பயணிக்கு இத்தகைய பெருங்குலைவு நேராவிட்டாலும், அட்டையில் செலுத்திய நாளின் விகிதம் அல்லாமல், பரிமாற்றம் வலையமைப்பில் கணக்கேறும் நாளின் விகிதம் பொருந்தக்கூடும் என்பதால், ஓரிரு நாள் இடைவெளியில் விலை மாறியிருக்கக்கூடும்.

ரத்துசெய்த விடுதிக்கான பணம் திரும்பி வரும்போதும் இதே காரணத்தால் தொகை குறைகிறது. 500 டாலர் முழுவதையும் விடுதி திருப்பித் தந்தாலும், அது திரும்பும் நாளின் விகிதத்தில் ரூபாயாக மாறுகிறது. முதலில் பிடித்த மேல்கட்டணமும் வரியும் திரும்பாமல் போகலாம். ஆகவே ரத்து ஆகக்கூடிய பதிவுகளில், இப்போதே கட்டுவதைவிட விடுதியில் தங்கும்போது கட்டும் ஏற்பாடே பாதுகாப்பானது.

இந்தியாவுக்குத் திரும்பியபின் எஞ்சிய வெளிநாட்டு நோட்டுகளை 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையிலான நோட்டுகளை வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவை, ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற அனுப்புத்தொகை வரம்புக்குள் கொண்டுவரும் அறிவிப்பு 2023 மே 16 அன்று வந்து, கடும் எதிர்ப்பு எழுந்ததும் ஜூன் 28 அன்று ஒத்திவைக்கப்பட்டது. ஃபாரெக்ஸ் கார்டில் நிரப்பும் தொகையோ அந்த வரம்புக்குள்தான் வருகிறது, 2025 ஏப்ரல் முதல் ஓராண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு மூலத்திலேயே வரி வசூலும் உண்டு. அந்த வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அட்டையின் மாதக் கணக்கு அறிக்கை வந்ததும், செலவு ஒரு வரியிலும் மேல்கட்டணம் மற்றொரு வரியிலும் ஜிஎஸ்டி வேறொரு வரியிலும், சில சமயம் வெவ்வேறு தேதிகளிலும் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சேர்த்து, ரசீதிலுள்ள வெள்ளியாலும் ரிங்கிட்டாலும் பாட்டாலும் வகுத்து, ஒவ்வொரு நாணயத்தையும் உண்மையில் எந்த விலைக்கு வாங்கினோம் என்று குறித்து வைத்துக்கொள்ளும் பயணிக்கு, அடுத்த பயணத்துக்கு எந்த அட்டையை எடுத்துச் செல்வது என்பதற்கு வேறு விளம்பரம் எதுவும் தேவைப்படாது.